புணையும் தோணியும் நாவாயும்

(விழா அவையில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரங்களில் நெல்லும் மணிலாவும் பயிரிட்டு வாழும் குடும்பங்களின் நடுவே நின்று ஓடங்களையும் கப்பல்களையும் பற்றிப் பேசப்போகிறேன் என்றால், இவருக்கு வேறு பொருள் கிடைக்கவில்லையா என்று சிலர் எண்ணக்கூடும். நம்மில் பலருக்கு நீரில் மிதந்த அனுபவம், ஏரி நிரம்பிய ஆண்டில் வாழைத்தண்டுகளைச் சேர்த்துக் கட்டி விளையாடியதோடு முடிந்திருக்கும். ஆயினும் இப்பொருளை எடுத்துக்கொள்ள நமக்கு உரிமை உண்டு. தமிழ்ச் சொற்களைத் தொகுத்து மனப்பாடத்துக்கு ஏற்ற விருத்தப் பாக்களில் அமைத்துத் தந்த சூடாமணி நிகண்டின் ஆசிரியர் மண்டலபுருடர் சமணர். கப்பலேறிப் பொருள் தேடச் சென்ற வணிகனின் கதையைத் தன்னுள் கொண்ட சீவக சிந்தாமணி நம் திருத்தக்கதேவர் அருளியது. ஆறுகளைக் கடந்து கோவலனையும் கண்ணகியையும் மதுரைப் புறஞ்சேரி வரை அழைத்துச் சென்ற கவுந்தியடிகள் நம் நெறியில் நின்ற தவமூதாட்டி. இந்த மூன்று நூல்களையும் படிக்கும் பிள்ளைகளிடம் நாவாய் என்றால் என்ன, அம்பி என்றால் என்ன, புணை என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். மூன்றுக்கும் 'படகு' என்ற ஒரே விடை வரும். அந்த ஒரு விடையால் நாம் எதை இழக்கிறோம் என்பதே இன்று நான் சொல்ல வந்தது.

முதலில் நிகண்டைப் பற்றிச் சிறிது. அச்சு நூல்களும் அகராதிகளும் பெருகுவதற்கு முன் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்வளம் தந்தவை நிகண்டுகளே. சூடாமணி நிகண்டு 12 தொகுதிகளை உடையது. தேவப்பெயர், மக்கட்பெயர், விலங்கின்பெயர் என்று தொடங்கும் அவற்றுள், மனிதன் கையால் செய்த பொருள்களுக்கென்று செயற்கைவடிவப் பெயர்த் தொகுதி என ஒன்று தனியே உண்டு. ஒரு பொருளுக்கு வழங்கும் பெயர்களை எல்லாம் ஓரிடத்தில் அடுக்கி வைப்பது நிகண்டின் முறை. செய்யுள் இயற்றுவோருக்கு எதுகைக்கும் மோனைக்கும் ஏற்ற சொல் உடனே கிடைக்கவேண்டும் அல்லவா? அந்தப் பயனை நிகண்டுகள் நிறைவாகச் செய்தன.

ஆனால் அடுக்கி வைக்கும்போது ஒன்று நேர்ந்துவிடுகிறது. வங்கம், தோணி, திமில், அம்பி ஆகியவை மரக்கலப் பெயர்கள் என்ற ஒரே வரிசையில் அருகருகே அமர்ந்துவிடுகின்றன. கடல் கடந்து செல்லும் பெருங்கலமும், கரையோரத்தில் வலை வீசச் செல்லும் சிறுகலமும், ஆற்றுத்துறையில் ஆள் ஏற்றும் கலமும் ஒரே நிறையாகி விடுகின்றன. நிகண்டு ஆசிரியர்களைக் குறைகூறும் கருத்து எனக்கில்லை. அக்காலத்து மாணவனுக்கு வேறுபாடு தெரிந்திருக்கும். பெயர் மட்டுமே தேவைப்பட்டது. நமக்குப் பெயர் மிஞ்சி வேறுபாடு மறைந்துவிட்டது.

'கலம்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். உண்ணும் தட்டு கலம், மண்பாண்டம் மட்கலம், அணிகலன் என்பதிலும் அதுவே, நெல்லை அளக்கும் அளவும் கலம், 12 மரக்கால் கொண்டது. ஒன்றைத் தன்னுள் ஏற்றுக்கொள்ளும் குழிவான பொருள் என்ற கருத்தே கப்பலுக்கும் அப்பெயரைத் தந்திருக்கவேண்டும் என்பது என் எண்ணம். நெல்லைக் கலக்கணக்கில் அளந்த நம் பாட்டனார்களுக்கு, அதே சொல் கடலில் மிதப்பது தெரிந்திருந்ததோ இல்லையோ, மொழி இரண்டையும் ஒன்றாகவே பார்த்திருக்கிறது.

இனித் திருக்குறளுக்கு வருவோம். ஏலாசாரியர் அருளியது என்று நாம் போற்றும் அந்நூலில் நீர்க்கலப் பெயர்கள் மூன்று வருகின்றன. மூன்றும் மூன்று இடத்தில், மூன்று வேலைக்காக வருகின்றன. இடனறிதல் அதிகாரத்தின் 496ஆம் குறளில் வருவது நாவாய். நெடுந்தேர் கடலில் ஓடாது, கடலில் ஓடும் நாவாய் நிலத்தில் ஓடாது என்பது கருத்து. தேருக்கு இணையாக நிறுத்த வேண்டுமானால் அது பெரிய கலமாக இருந்தாக வேண்டும். அங்கே ஓடத்தையோ தெப்பத்தையோ வைத்துப் பாருங்கள், உவமை சரிந்துவிடும்.

இரவச்சம் அதிகாரத்தின் 1068ஆம் குறளில் வருவது தோணி. இரத்தல் என்னும் பாதுகாப்பற்ற தோணி, 'இல்லை' என்று மறைக்கும் வன்னிலத்தில் மோதினால் பிளந்துபோகும் என்கிறார். பிளந்துபோவது எது? பலகைகளை இணைத்துச் செய்த கலம். இணைப்பு இருக்கும் இடத்தில்தான் பிளவு இருக்கும். இரப்பவனுடைய மானமும் அப்படி ஒட்டி வைத்த ஒன்றுதான் என்பதை அந்த ஒரு சொல் சொல்லிவிடுகிறது.

மூன்றாவது புணை. வெகுளாமையில் 306ஆம் குறள், சினமானது இனம் என்னும் புணையைச் சுட்டுவிடும் என்கிறது. நாணுத்துறவுரைத்தலில் 1134ஆம் குறளில், நாணும் நல்லாண்மையும் ஆகிய புணையைக் காமம் என்னும் வெள்ளம் அடித்துச் செல்கிறது. 1164ஆம் குறளில் காமக்கடல் உண்டு, அதை நீந்தக் காவலான புணை இல்லை என்று தலைவி வருந்துகிறாள். புணை என்பது கட்டைகளையோ மூங்கில்களையோ பிணைத்துக் கட்டியது. அதில் ஏறியும் செல்லலாம். நீந்துகிறவர் அதைப் பற்றிக்கொள்ளவும் செய்யலாம். பழந்தமிழ் மகளிர் புனலாட்டில் புணையைப் பற்றிக்கொண்டு நீராடியதைச் சங்கப்பாடல்கள் காட்டுகின்றன. ஆகவே உறவினரைப் புணை என்று சொல்லும்போது, நம்மை ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் என்று பொருள் கொள்வதைவிட, நாம் நீந்தும்போது கைக்கு எட்டும் பிடிப்பாக இருப்பவர்கள் என்று கொள்வதே பொருந்தும். நீந்தவேண்டியவர் நாம்தான். பத்தாம் குறளிலும் பிறவிப் பெருங்கடலை நீந்துவதாகவே சொல்லப்பட்டிருக்கிறது. கலம் ஏறிக் கடப்பதாகச் சொல்லப்படவில்லை.

இதனோடு நம் நெறியின் தலைமைச் சொல்லையும் சேர்த்துப் பாருங்கள். தீர்த்தம் என்ற வடசொல்லுக்கு ஆற்றைக் கடக்க ஏற்ற துறை என்பது பழம்பொருள். அத்துறையை அமைத்துத் தருபவர் தீர்த்தங்கரர். அவர் ஓடக்காரர் அல்லர். கூலி கொடுத்தோ வேண்டிக்கொண்டோ ஏறி உட்கார்ந்தால் அக்கரை சேர்த்துவிடுவார் என்ற எண்ணத்துக்கு அச்சொல்லில் இடமில்லை. இறங்கும் துறையைக் காட்டுகிறார், இறங்கி நடப்பது அவரவர் பொறுப்பு. பக்திப் பெருக்கில் தீர்த்தங்கரரை ஓடக்காரராக்கிப் பாடுவோரும் உண்டு. பாடட்டும், ஆனால் சொல்லின் பொருள் அதுவன்று.

ஏட்டிலிருந்து சற்றே கடற்கரைக்குச் செல்வோம். இங்கே ஒரு தயக்கத்தையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். இனி நான் சொல்லப்போகும் சொற்களிற் பல மீன்பிடித் தொழிலுக்கு உரியவை. கொல்லாமையை முதல் அறமாகக் கொண்ட அவையில் இவற்றைச் சொல்லலாமா என்று கேட்கலாம். நிகண்டு இயற்றிய சான்றோர் படைக்கலங்களின் பெயர்களையும் தொகுத்தார்கள், திமிலையும் விலக்கவில்லை. தொழிலை ஏற்பது வேறு, தொழிலாளியின் அறிவை மதிப்பது வேறு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சோழமண்டலக் கரையில் இயற்கைத் துறைமுகம் அரிது. கரையை ஒட்டி அலை மடிந்து உடையும் பகுதியைக் கடப்பதே பெரும்பாடு. அதற்கு இரண்டு விடைகளைக் கண்டார்கள் இக்கரை மக்கள். ஒன்று கட்டுமரம். மென்மரக் கட்டைகளைக் கயிற்றால் கட்டுவார்கள், ஆணி கிடையாது. அலை மேலே விழுந்தால் கட்டைகளின் இடுக்கு வழியே நீர் வடிந்துவிடும், இறைக்க வேண்டியதில்லை. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்துக் காயவைப்பார்கள், நீர் குடித்த கட்டை கனத்துவிடும் என்பதற்காக. பெயரைப் பாருங்கள்: கட்டிய மரம், அவ்வளவுதான். அதன் செய்முறையே அதன் பெயர்.

மற்றொன்று சலங்கு எனவும் மசூலா எனவும் வழங்கிய தைத்த கலம். பலகைகளை ஆணியால் அறையாமல் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணியடித்த விறைப்பான கலம் அலையோடு தரையில் மோதினால் உடையும். தைத்த கலமோ வளைந்து கொடுக்கும். சென்னையில் துறைமுகம் கட்டப்படும் வரை, தொலைவில் நங்கூரமிட்டு நின்ற கப்பல்களிலிருந்து ஆங்கிலேய ஆளுநர்களும் அவர்களுடைய பெட்டிகளும் கரைக்கு வந்தது இந்தத் தைத்த கலத்தில்தான். தோணி மோதினால் பிளக்கும் என்ற குறளை மனத்தில் வைத்துக்கொண்டு இதை எண்ணிப் பார்த்தால், கலத்துக்குக் கலம் இருந்த வேறுபாட்டைக் கரைவாழ் மக்கள் எவ்வளவு நுட்பமாக அறிந்திருந்தார்கள் என்பது விளங்கும்.

தெற்கே போனால் தூத்துக்குடித் தோணி. இது குறளின் தோணியைவிட மிகப் பெரியது. பாய் விரித்துக் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிச் சென்ற மரக்கலம். இப்போது இயந்திரம் பொருத்தியிருக்கிறார்கள், பெயர் மாறவில்லை. அதன் தலைவனுக்குத் தண்டையல் என்று பெயர். அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு போன்ற மரம் ஏரா. அதிலிருந்து விலா எலும்புகளாய் எழுவன வங்கு. பாயைத் தாங்கும் குறுக்குமரம் பருமல். முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம். இந்தச் சொற்களைக் கேட்கும்போது, இலக்கியத் தமிழ் என்றும் பேச்சுத் தமிழ் என்றும் நாம் வகுத்து வைத்திருக்கும் எல்லை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிவதில்லை. அந்தத் தூத்துக்குடியிலேதான் 1906ஆம் ஆண்டில் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கினார். துறை நிறையத் தோணிகள் இருந்த ஊரில், மக்கள் அவரைக் கப்பலோட்டிய தமிழன் என்றே அழைத்தார்கள். நீராவிக் கப்பல் வேறு, தோணி வேறு என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

வேதாரணியம், கோடிக்கரைப் பக்கத்து ஆழமற்ற கடலுக்கு வத்தை. குமரிக்கரையில் வள்ளம். காவிரியில் ஒகேனக்கல் பாறைகளுக்கு நடுவே சுழலும் வட்டமான பரிசல், நூல்களில் பரிசில். மூங்கிலைக் கூடையாகப் பின்னி முற்காலத்தில் தோல் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் விரிப்பும் தாரும் வந்துவிட்டதில் நமக்கு ஒரு மகிழ்ச்சியும் உண்டு! மட்டக்களப்பு வாவியில் ஆட்களையும் வண்டிகளையும் சேர்த்துக் கரை கடத்தும் மிதவைக்குப் 'பாதை' என்று பெயர். நமக்குப் பாதை என்றால் நிலத்து வழி. அங்கே நீரில் நகர்ந்து வந்து நம்மை ஏற்றிக்கொள்வது பாதை.

1920இல் சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னல் என்னும் ஆங்கிலேயர் இந்தியப் படகுகளின் அமைப்பைப் பற்றி விரிவான நூலொன்று எழுதினார். நம் கரைக் கலங்களை அளந்து, வகைப்படுத்தி எழுதும் வேலையை ஓர் அயல்நாட்டார் செய்தார் என்பதில் நாம் வெட்கப்படத் தேவையில்லை. ஆனால் அதன்பின் அந்த வேலையைப் போதிய அளவு தொடர்ந்தோமா என்பது கேட்கத் தகுந்த கேள்வி. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பிறகு கட்டுமரங்கள் இருந்த இடத்தைப் பெரும்பாலும் பைபர் படகுகள் பிடித்துக்கொண்டன. உயிர்க்காப்புக்கும் உழைப்புக் குறைவுக்கும் அது நல்லதே. ஆனால் அரசுப் பதிவேட்டில் இன்று விசைப்படகு, நாட்டுப்படகு என்னும் இரண்டு சொற்களே போதுமானவையாகிவிட்டன. கட்டுமரம் என்ற சொல்லோ ஆங்கிலத்துக்குப் போய், இரண்டு உடல்களை இணைத்த உல்லாசக் கலத்துக்குப் பெயராகி நிற்கிறது. கப்பல் என்ற நம் சொல் மலாய் மொழியில் 'காப்பால்' என்று வாழ்கிறது. வெளியூர் போன சொற்கள் செழித்திருக்க, வீட்டில் இருந்தவை மெலிந்துவிட்டன.

மீண்டும் நூல்களுக்கு வருகிறேன். பட்டினப்பாலையில் பஃறி என்றொரு கலம் வருகிறது. உப்பை விற்று, அதற்கு மாறாக நெல்லை ஏற்றிக்கொண்டு வந்த பஃறிகள், இலாயத்தில் குதிரைகளைக் கட்டியதுபோல வரிசையாகக் கட்டப்பட்டு நின்றனவாம். உப்பு ஏற்றிப் போய் நெல் ஏற்றி வரும் வேலைக்கலம் அது. மதுரையை அடுத்த அழகர்மலைக் குகைத்தளத்தில் சமணத் துறவியருக்குக் கொடையளித்தோரைக் குறிக்கும் தமிழ்பிராமிக் கல்வெட்டுகளில் அறுவை வணிகன், கொழு வணிகன் ஆகியோருடன் உப்பு வணிகனும் இருக்கிறான். அவன் உப்பு எந்தக் கழியிலிருந்து எவ்வழியே வந்தது என்று கல்வெட்டு கூறாது. ஆனால் நம் பள்ளிகளைத் தாங்கியவர்களுள் உப்பு விற்றவனும் ஒருவன் என்பது கல்லில் இருக்கிறது.

சிந்தாமணியில் சீதத்தன் கதை உங்களுக்குத் தெரிந்ததே. குறைந்துபோன பொருளை மீட்கக் கடல் கடந்து சென்று பொருளீட்டித் திரும்பும்போது, கலுழவேகனின் ஆணைப்படி வந்த தரன் என்னும் விஞ்சையன் புயலையும் கலம் கவிழ்வதையும் மாயமாகக் காட்டி அவனைத் தன் உலகுக்கு அழைத்துச் செல்கிறான். பின்னர், கலம் கேடின்றி இருப்பதையும் காட்டுகிறான். தம்முடன் வந்த அத்தனை பேரும் மூழ்கினர் என்று எண்ணிய வணிகன் மனநிலை அவ்விடத்தில் பெரிது. அது பலர் ஏறிச் செல்லும் பெருங்கலம் என்று உணர்ந்தாலன்றி அத்துயரின் அளவு தெரியாது.

நான் உங்களிடம் முதன்மையாகச் சொல்ல விரும்பியது சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. கவுந்தியடிகள், கோவலன், கண்ணகி மூவரும் வழியில் இரண்டு பேராறுகளைக் கடக்கிறார்கள். நாடுகாண் காதையில் காவிரி. அதைக் கடக்க அவர்களுக்குக் கிடைப்பது நீரணிமாடம். மேலே மாடம் போல் அமைந்த பள்ளியோடம் என்று உரை சொல்லும். புறஞ்சேரி இறுத்த காதையில் வையை. அங்கே குதிரைமுகம், யானைமுகம், சிங்கமுகம் கொண்ட அம்பிகள் ஓடும் பெருந்துறை இருப்பதை இளங்கோவடிகள் ஒவ்வொன்றாகச் சொல்கிறார். சொல்லிவிட்டு, இவர்கள் அத்துறைப் பக்கம் செல்லாமல் மரப்புணையில் ஆற்றைக் கடந்தார்கள் என்கிறார்.

ஏன்? துறவியோடு செல்வதால் எளிய கலத்தை நாடினர் என்று விளக்கம் சொல்லத் தோன்றும். நமக்கு இனிக்கும் விளக்கம்தான். ஆனால் அதே கவுந்தியடிகள் காவிரியில் நீரணிமாடத்தில் சென்றிருக்கிறாரே! தவநெறி மட்டுமே காரணமானால் அங்கும் புணையே வந்திருக்க வேண்டும். எனக்குத் தோன்றுவது இது: புகாரை விட்டுப் புறப்பட்டபோது அவர்கள் இன்னும் பெருங்குடி வணிகர் மக்கள். நடந்து நடந்து, மதுரையின் வாயிலுக்கு வரும்போது ஊரார் கண்ணில் படாமல் ஒதுங்கிச் செல்லும் வழிப்போக்கர்கள். கப்பல் செல்வத்தில் வளர்ந்த மாநாய்கன் மகளும் மாசாத்துவான் மகனும், கட்டிய மரங்களின் மேல் நின்று ஆற்றைக் கடக்கிறார்கள். நாய்கன் என்னும் சொல் கடல் வணிகரைக் குறித்தது என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். மாநாய்கன் மகளுக்கு மரப்புணை! இந்த வீழ்ச்சியை அடிகள் புலம்பிச் சொல்லவில்லை. நீரணிமாடம், அம்பி, புணை என்ற மூன்று சொற்களில் வைத்திருக்கிறார். வரப்போவதை அறிந்த வையை, தன் கண்ணீரை மலராடையால் மறைத்துக்கொண்டு ஓடியது என்று பாடுவதும் அவ்விடத்தில்தான். பூக்கள் மிதக்கும் அழகை வியந்தபடி அவர்கள் புணையில் ஏறுகிறார்கள்.

மூன்று சொல்லுக்கும் படகு என்று குறிப்பெழுதிக் கொடுத்தால், பிள்ளைகள் தேர்வில் மதிப்பெண் பெறுவார்கள். கண்ணகி எதிலிருந்து எதற்கு இறங்கினாள் என்பது அவர்களுக்குத் தெரியாமற் போகும்.

ஆகவே அறக்கட்டளைப் பொறுப்பாளர்களிடம் ஒரு விண்ணப்பம். கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு நடத்தும் வகுப்பில் ஒருநாள் நிகண்டுக்கு ஒதுக்குங்கள். அன்று ஒரு தொகுதியைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அடுத்த நாள் மரக்காணத்துக்கோ புதுச்சேரிக் கரைக்கோ அழைத்துச் சென்று, அங்குள்ள முதியவர்களிடம் ஒவ்வொரு கலத்தின் பெயரையும் உறுப்பின் பெயரையும் கேட்டு எழுதிவரச் செய்யுங்கள். வீடுகளில் நிகண்டு ஏட்டுச்சுவடி வைத்திருப்பவர்கள், அதன் ஓரத்தில் முன்னோர் எழுதிய குறிப்புகள் இருந்தால் படியெடுத்து அறக்கட்டளை அலுவலகத்தில் சேர்ப்பியுங்கள். பரணில் இருக்கும் ஏட்டைக் கரையான் தின்னுமுன் அதைச் செய்வது நலம்.